உடம்பு இறக்க ஒரு சைக்கிள்

1974 மே 6, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றமெல்லாம் புழுதி. விடிய மெயில் வண்டியில் கொழும்பிலிருந்து வந்தேன். பெட்டி இன்னும் அவிழ்க்கவில்லை.

கம்பனி டொக்ரர் என்னைப் பாஸ் பண்ணவில்லை. பிரஷர் கூட, நிறையும் கூட. இந்த உடம்போடு கப்பலில் ஏற்ற ஏலாதாம். ஆடிக் கடைசியில் திரும்பக் காட்ட வேண்டும், அதற்கிடையில் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள். நாற்பத்தேழு வயதில் புதிதாக எந்தக் கம்பனி எடுக்கும்? மீசை முளைக்கும்போது ஏறியவன் நான். எனக்கு வேறு தொழில் தெரியாது. கரையில் நித்திரையும் வராது.

"நடவுங்கோ, இல்லாட்டிச் சைக்கிள் ஓடுங்கோ" என்றார் டொக்ரர். நடை சரிவராது. வல்வெட்டித்துறையில் கப்பல்காரன் வீதியில் இறங்கினால் பத்தடிக்கு ஒருவர்: "எப்ப திரும்பப் போறியள்?" சைக்கிள் என்றால் தலையை ஆட்டிவிட்டு நிற்காமல் போகலாம்.

கமலத்திடம் சொன்னேன். என் மனுசி என்ன சொல்வாள் என்று பார்த்தேன். சோறு போட்டாள். சொல்லாமலே இரண்டாம் தரமும் போட்டாள்.

மே 8, புதன்

காற்று அதே. வெயில் கொதி.

வீட்டில் நிறை பார்க்க வழியில்லை. கருவாட்டுக் கிட்டங்கிக்குப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன். ஒரு தட்டில் நான், மறு தட்டில் படிக்கல். இருந்த படிக்கல் எல்லாம் வைத்தும் போதவில்லை. "அண்ணை, கட்டாக் கருவாட்டு மூட்டை ஒண்டு தூக்கி வைக்கட்டே?" என்றான் நிறுக்கிறவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கம். பதினாறு கல்லுக்கு மேல், கப்பல் கணக்கில் நூறு கிலோவுக்கும் கூட.

சிவம் (கமலத்தின் தம்பி, பருத்தித்துறைக் கந்தோருக்குத் தினமும் சைக்கிளில் போகிறவன்) பின்னேரம் வந்தான். பழைய சைக்கிளில் பார்க்க வேண்டியவை என்று சொல்லித் தந்தது:

– சில்லைச் சுற்றிவிட்டுப் பார். நெளிந்து ஓடினால் வேண்டாம்.
– பெடல் அச்சில் ஆட்டம் இருக்கக் கூடாது.
– பெயின்ற் புதிது என்றால் சந்தேகப்படு.
– எனக்கு: கம்பி தடித்த சில்லு, அகலச் சீற். ("அத்தான், உங்களுக்குக் குதிரைதான் சரி.")

புதுச் சைக்கிள் கதையே இல்லை. இறக்குமதி நிற்பாட்டு. சங்கக்கடையில் பெயர் எழுதிவைத்தால் என் பேரனுக்குக் கிடைக்கும்.

மே 9, வியாழன்

பஸ்ஸில் யாழ்ப்பாணம். மூன்று கடை. எல்லாம் பச்சைப் பெயின்ற் பூசி வரிசையாக நிற்கின்றன. துருவுக்கு மேல் பெயின்ற் பூசுவதே பிழைப்பாக இருந்தவன் நான், என்னிடம் காட்டுகிறான். நகத்தால் சுரண்டினேன். உள்ளே செங்கட்டி மாதிரித் துரு. "அண்ணை வாங்க வந்தனீங்களோ, பழுது பாக்க வந்தனீங்களோ?" என்றான் கடைக்காரன். விலை வேறு யானை விலை.

திரும்பும்போது நெல்லியடியில் இறங்கி, ஒரு வாத்தியாரின் சைக்கிள். நல்ல துப்புரவு. ஏறி இருந்தேன். பின் ரயர் தட்டையாகிப்போனது. வாத்தியார் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். மரியாதையான மனுசன்.

இரவு புட்டும் மீன் குழம்பும். பாதி போதும் என்றேன். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு எண்டு டொக்ரர் சொன்னவரோ? பேசாமல் தின்னுங்கோ" என்றாள். தின்றேன்.

மே 12, ஞாயிறு

வாங்கியாயிற்று.

சிவத்துக்குத் தெரிந்த ஒருவர், சண்டிலிப்பாய், புகையிலையும் வெங்காயமும் செய்கிறவர். போன போகம் வெங்காயம் கைகொடுத்ததாம். மோட்டார்சைக்கிள் வாங்கிவிட்டார், பழையது மாட்டுக் கொட்டிலில் சாத்திக் கிடந்தது. சீமைச் சாமான். கறுப்பு. பெயின்ற் பூசாமல் அப்படியே. கரியர் கட்டில் மாதிரி.

"பாரம் தாங்குமோ?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, உதிலை ரெண்டு மூட்டை வெங்காயம் ஏத்தி, அதுக்கு மேலை என்ரை மனிசியையும் ஏத்தினனான். நீர் என்ன பெரிய ஆளே?"

கேட்ட விலை நியாயம். பேரம் பேசவில்லை. செவ்விளநீர் வெட்டித் தந்தார்.

சைக்கிளை ஓடியே வந்தேன். கோப்பாய் வரைக்கும் உழக்கினேன், அதற்குப் பிறகு பாதித் தூரம் தள்ளினேன். சின்ன வயதில் பழகியது மறக்கவில்லை, மூச்சுத்தான் மறந்துவிட்டது. கோப்பாயில் ஒரு தோட்டக் கிணற்றடியில் அரை மணி குந்தியிருந்தேன். நெஞ்சு அடித்த அடியில் இங்கேயே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று பயம். அச்சுவேலி தாண்டியபின் சோளகம் முதுகில் பிடித்துத் தள்ளியது. காற்றுக்கு ஒரு கும்பிடு.

கமலம் படலையடியில் நின்றாள். சைக்கிளைப் பார்த்தாள். "வாங்கிப்போட்டியளே" என்றாள்.

மே 26, ஞாயிறு

தினமும் விடிய தொண்டைமானாறு வரை போய் வருகிறேன். போகும்போது எதிர்காற்று, கால் கழன்று விழும். வரும்போது சும்மா இருந்தாலும் வந்துவிடும். தொடை உரசிப் புண். கமலம் நல்லெண்ணெய் பூசிவிட்டாள்.

கடற்கரையில் மரநிழலில் இருக்கும் பழைய கப்பல்காரர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர். விடிய வந்து இருந்தால் மத்தியானம் வரை கடலைப் பார்ப்பார்கள். "இஞ்சை வந்து இரன், உழக்கி எங்கை போகப் போறாய்?" என்று ஒருவர் இன்று கூப்பிட்டார். பகிடிக்குத்தான். ஆனால் அந்த மரத்தடியில் எனக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பட்டது. அந்த நினைப்பில் இன்னும் வேகமாக உழக்கினேன்.

ஜூன் 9, ஞாயிறு

தராசு: ஒரு கல், ஆறு கிலோ, குறைவு! நிறுக்கிறவன் இரண்டு தரம் பார்த்தான். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருக்கிறேன்.

ஓடி வந்து கமலத்திடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "இளைச்சுக் கறுத்துப் போனியள்" என்று மட்டும் சொன்னாள். முகத்தில் ஒரு சந்தோசம் இல்லை. காசு வராத மாதங்கள், கவலையாக்கும். மகளும் கட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போய்விட்டாள், வீட்டில் அவள் தனிய. நான் இருந்தாலும் விருந்தாளி மாதிரித்தான். உப்புப் போத்தல் எங்கே என்று இன்றைக்கும் கேட்டேன்.

ஜூன் 13, வியாழன்

உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது. சில்லில், கைபிடியில், எல்லா இடமும் துரு பொட்டுப் பொட்டாக. வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி வந்து முழுச் சைக்கிளுக்கும் பூசினேன். ஒரு கம்பி விடாமல். இரண்டு பூச்சு. சின்ன வயதில் அப்புவின் வள்ளத்துக்குப் பூசியதும் இதே கை. சரியான நாற்றம். கமலம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு விடுங்கோ" என்றாள். பூனைகள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

சைக்கிள் பளபளவென்று நிற்கிறது. கன நாளைக்குப் பிறகு வேலை செய்த களை. நல்ல பசி, ஆனாலும் இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டேன்.

ஜூன் 15, சனி

இடது கை மணிக்கட்டு முறிவு. வலது கை தப்பியபடியால் எழுதுகிறேன்.

நேற்று விடிய தொண்டைமானாற்றிலிருந்து திரும்பும்போது காற்று நல்லாகத் தள்ளியது. வளைவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே. பிறேக்கைப் பிடித்தேன். பிடிக்கவில்லை. இரண்டும் பிடிக்கவில்லை. வண்டிக்கார மனுசனைக் காப்பாற்ற வேலிப்பக்கம் திருப்பினேன். கிளுவை வேலி, அதற்கப்பால் கல்.

சனம் கூடிவிட்டது. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று ஒருவன். வேறு மிருகமே கிடைக்கவில்லை அவனுக்கு.

சிவம் சைக்கிளை எடுத்து வந்தான். சில்லின் விளிம்பை விரலால் தடவி மணந்து பார்த்தான். "அத்தான், பிறேக்கட்டை பிடிக்கிற இடத்துக்கும் எண்ணெய் பூசினியளோ?"

ஓம் என்றேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். வள்ளத்துக்குப் பிறேக் ஏது? பூசும்போது எனக்கு அது நினைவிலேயே இல்லை.

முறிவு கட்டுகிற பரியாரியார் முட்டை வெள்ளைக்கருவில் பத்துப் போட்டுச் சிம்பு வைத்துக் கட்டினார். "ஆடி முடியுமட்டும் அவிழ்க்கேலாது."

"அதுக்கு முதல் கொழும்புக்குப் போகோணும், பரியாரியார்."

"போம். கட்டோடை போம்."

ஒற்றைக் கையனைக் கப்பலில் யார் எடுப்பான்?

ஜூன் 30, ஞாயிறு

காற்று ஓயவில்லை. கட்டுக்குள் கடி. நிறை இன்னும் குறைகிறது, சாப்பாடு இறங்கவில்லை. இப்போது தராசில் ஏறினால் டொக்ரர் மெச்சுவார். சிரிப்பதா அழுவதா?

கமலம் தலை முழுக வார்த்துவிட்டாள், சேட் போட்டுவிட்டாள், மீனில் முள் எடுத்துத் தந்தாள். இவ்வளவு காலத்தில் இத்தனை நாள் ஒன்றாக இருந்தது இதுதான் முதல். பாட்டு முணுமுணுக்கிறாள். எனக்கு எரிச்சல். கத்திவிட்டேன். கோபிக்கவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடிப்பிறப்பு. கூழ், கொழுக்கட்டை.

சிவம் தபால்கந்தோரிலிருந்து கொழும்பு ஏசண்டுக்குப் போன் எடுத்தான். கை முறிந்த கதை சொல்லித் தவணை கேட்டானாம். ஏசண்டு நல்லாகத்தான் கதைத்தானாம். கப்பல் காத்திருக்காது, என் இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் என்றானாம்.

சிவம் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றான். கமலம் அவனுக்குக் கூழ் வார்த்தாள். எனக்கும் வார்த்தாள். நான் குடிக்கவில்லை. பின்வளவில் போய் ஒரு பாட்டம் அழுதேன். எழுதவும் வெட்கம்தான். யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காற்று குறைவு.

விடிய கமலம் தலைமுழுகி, ஈரக் கூந்தலோடு, ஒரு சாக்கு நிறையத் தேங்காய் கட்டி வைத்திருந்தாள். அம்மன் கோயிலுக்கு. "சிவம் வரேல்லை. நீங்கள் சைக்கிளிலை வைச்சுத் தள்ளிக்கொண்டு வாறியளே?"

"என்னத்துக்கு இவ்வளவு?"

"நேர்த்திக்கடன்."

"என்ன நேர்த்தி?"

ஈரக் கூந்தலை அள்ளி முடிந்தாள். பிறகு முகத்தைப் பார்த்தே சொன்னாள். "நீங்கள் இனிப் போகப்படாதெண்டு."

"என்ரை கை முறிஞ்சது உன்ரை நேர்த்தியாலையோ?"

"கையைக் கேக்கேல்லை. நிறை குறையப்படாதெண்டு மட்டும்தான் கேட்டனான். கட்டின நாளிலையிருந்து, நீங்கள் பத்திரமாய் வந்து சேரவேணுமெண்டு வருசா வருசம் உடைச்சனான். ஒருக்காத் தன்னும் எனக்கெண்டு கேக்கப்படாதோ?"

அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. சாக்கைக் கரியரில் வைத்தேன், அவள் கட்டினாள். ஒற்றைக் கையால் தள்ளினேன், அவள் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். மரத்தடியில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

கோயில் வாசலில் ஒவ்வொன்றாக ஓங்கி அடித்தாள். சனம் விலகி நின்றது. கடைசித் தேங்காய் உடையவில்லை. கல்லில் பட்டுத் தெறித்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. கமலம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.

குனிந்து எடுத்து, திரும்ப அடிக்க அவளிடம் கொடுத்தேன்.