ஐந்தாம் சக்கரத்தோடு வந்த நாய்

சித்திரை 19, 1993 – திங்கள்

காலையில் பாணும் சம்பலும். மழை. முழங்கால் பரவாயில்லை.

இவ்வளவையும் நானே எழுதினேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் றோஸ்மலர் ரீச்சர், போன வருடம் முதல் என்னையும் பின் வாங்கில் இருத்தி எழுத்துக் காட்டுகிறார். "என்னத்தையாவது எழுதுங்கோ ஐயா, ஆனா எழுதுங்கோ" என்கிறார். என்னத்தையாவது என்றால் நிறைய இருக்கிறது. அறுபத்தொன்பது வயது வரைக்கும் எழுதாமல் விட்டது எல்லாம் இருக்கிறது. கை மெல்லத்தான் போகிறது. அரைப் பக்கத்துக்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது. ஆறட்டும்.

சித்திரை 24 – சனி

மருமகன் கஸ்பர் இன்று ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

பொய்யில்லை. சஃபோக்கில் அமெரிக்கர்களின் விமானத் தளத்தை மூடுகிறார்களாம். அங்கிருந்து ஊருக்குத் திரும்புகிற ஒருவர், பார்க்கிங் என்ற ஊரில் கஸ்பர் வேலை செய்யும் கராஜின் முதலாளிக்குத் தெரிந்தவர். அவருடைய பிக்கப்பையும் அது இழுக்கிற ரெயிலரையும் கஸ்பர் வாங்கிவிட்டார். இங்கே கார்களுக்குப் பின்னால் கொளுவிக்கொண்டு போகிற சின்னக் கரவன் இல்லை இது. இதன் கழுத்து பிக்கப்பின் முதுகில் ஏறி, ஒரு வட்ட இரும்புத் தட்டில் குந்துகிறது, பெரிய லொறிகளுக்குப் பெட்டி பூட்டுவது போல. அந்தத் தட்டுக்குத்தான் ஐந்தாம் சக்கரம் என்று பெயராம். தெரியாமல் நான் ரெயிலரைச் சுற்றிவந்து சக்கரம் எண்ணினேன். கஸ்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உள்ளே கட்டில், சோபா, அடுப்பு, கக்கூஸ். மேசைக்குக் கீழே ஒரு மண்ணிற நாய்.

"இது ஆற்றை நாய்?"

"ரெயிலரோடை வந்தது மாமா. வயசு போட்டுது, பிளேனிலை கொண்டுபோனாத் தாங்காது எண்டு மிருக டொக்டர் சொல்லிப்போட்டாராம். மனிசன் அழுதுகொண்டு நிண்டார். நான் ஓம் எண்டிட்டன்."

"இம்மாகுலேற்றுக்குத் தெரியுமோ?"

கஸ்பர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்திரை 25 – ஞாயிறு

மகள் இம்மாகுலேற்றுக்குத் தெரிந்துவிட்டது. பூசையால் வந்ததும் தொடங்கிய சத்தம் சாப்பாடு வரைக்கும் ஓயவில்லை. ரெயிலருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆடி மாதத்தில் வால்சிங்காம் மாதா திருநாளுக்கு அதில்தானே போகப்போகிறோம், அது அவளுக்கும் சந்தோஷம். நாய்தான் பிரச்சினை.

என் மனைவி அருமைநாயகி இன்னும் கடுமை. "பூனை இருக்கிற வீட்டுக்குள்ளை நாயோ? ஒண்டில் அது, இல்லாட்டி நான்." பூனை அவளுடையது. மதிலால் வந்து சேர்ந்த சாம்பல் நிறப் பூனை, பெயர் மணி.

கடைசியில் இம்மாகுலேற் எசெக்ஸில் நாய்களைப் பொறுப்பெடுக்கும் ஒரு பெண்ணுக்கு ரெலிபோன் எடுத்தாள். ஆவணி மாதம்தான் இடம் வருமாம். அதுவரை நாய் கராஜ் வளவில் ரெயிலருக்குள்ளேயே இருக்கட்டும், அப்பா சாப்பாடு கொண்டுபோகட்டும் என்று முடிவு.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அந்த நாய் வேண்டும். இங்கே எழுதலாம்தானே.

வைகாசி 3 – திங்கள்

நாயின் பெயர் றஸ்ரி. இன்று றொட்டி தின்றது.

வைகாசி 12 – புதன்

தினமும் எங்கள் வீடு இருக்கிற செவன் கிங்ஸிலிருந்து பஸ்ஸில் பார்க்கிங் போகிறேன். எங்கே போகிறாய் என்று லண்டனில் என்னை முதல் தடவையாக ஆட்கள் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது என்கிறேன்.

றஸ்ரி ரெயிலரை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. படி வரை வரும், மூத்திரம் பெய்யக் கீழே இறங்கும், உடனே ஏறிவிடும். ஒருவேளை அமெரிக்கர் திரும்பி வருவார் என்று வீட்டைக் காவல் காக்கிறதோ? இன்று சோபாவில் இருந்து என்னுடைய பாலர் வகுப்புப் புத்தகத்தை உரக்க வாசித்தேன். அணில், ஆடு, இலை. நாய் காதை நிமிர்த்திக் கேட்டது. வீட்டில் நான் வாசித்தால் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிடும். இது அசையாமல் கேட்டது.

வைகாசி 30 – ஞாயிறு

கஸ்பர் ரெயிலரைப் பின்னுக்கு எடுத்துப் பழகினார். பிக்கப்பை ஒரு பக்கம் திருப்பினால் பெட்டி மற்றப் பக்கம் போகிறது. நான் ஊரில், பேசாலையில் வள்ளம் ஓட்டியவன், சுக்கானும் இப்படித்தான், எனக்குத் தெரியும் என்று கைகாட்டி நின்றேன். பெட்டி இடித்துக் கராஜ் சுவர் விளக்கு போய்விட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆனி 20 – ஞாயிறு

நல்ல செய்தி இல்லை. றஸ்ரியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தோம். இஞ்சின் சத்தம் கேட்டதும் ஊளை. றொம்ஃபோர்ட் போய்த் திரும்பும் வரைக்கும் ஒரே ஊளை. இம்மாகுலேற் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதோடை நோர்போக், வால்சிங்காம் வரைக்கும் போகேலாது அப்பா. வழியிலை ஏதாவது கரைச்சல் குடுத்தால் ஆவணி வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கமாட்டன். எங்கை இடமிருக்கோ அங்கை விட்டிட்டு வருவன்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆடி 10 – சனி. வால்சிங்காம்

நேற்று எழுத முடியவில்லை. இன்று ரெயிலர் படியில் இருந்து எழுதுகிறேன். புல் நனைந்திருக்கிறது. கூடாரங்கள், கரவன்கள், எங்கும் எங்கள் ஆட்கள். நெஞ்சு நிறைந்துபோயிருக்கிறது. முறையாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பார்க்கிங்கில் இருந்து வெளிக்கிட்டோம். கஸ்பரும் இம்மாகுலேற்றும் பிக்கப்பில். நானும் அருமைநாயகியும் ரெயிலருக்குள். இதைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசிக்கவேயில்லை. இலங்கையில் மடு மாதா திருநாளுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஊரே ஏறிப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற ஆட்கள் நாங்கள். பெட்டி இழுக்கிறதே ஆட்கள் ஏறத்தானே. இதில் சோபாவும் இருக்கிறது. பூனையைக் கக்கூசுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். நாயை மேசைக் காலில் கட்டினேன். அது தன் இடத்தில் இருந்ததால் ஊளையிடவில்லை. அருமைநாயகி மடு மாதா படத்தை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து மெழுகுதிரி கொளுத்தினாள். யாத்திரை வெளிக்கிட்டால் கொளுத்த வேண்டும்.

"தேத்தண்ணி போடட்டோ?" என்றாள்.

போட்டாள். ஒரு வளைவில் கேத்தில் தன்பாட்டில் நடந்து வந்தது. பிடித்துவிட்டோம். யன்னலால் பார்த்தால் வயல், வயல், ஆடு. நான் ராசா போல இருந்தேன்.

தெட்ஃபோர்ட் வருவதற்கு முன்னால் பொலிஸ் மறித்தது. கதவைத் திறந்தது ஒரு பெண் பொலிஸ். என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், மெழுகுதிரியை நெடுநேரம் பார்த்தார். நான் குட் மோர்னிங் சொன்னேன். அருமைநாயகி அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கவில்லை. குனிந்து மெழுகுதிரியை ஊதி அணைத்தார்.

இம்மாகுலேற் முகம் சிவந்து நின்று மொழிபெயர்த்தாள். இழுபடுகிற பெட்டிக்குள் ஆட்கள் இருக்கவே கூடாதாம். கழன்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறாராம். நாய் பூனைகளும் எங்களோடு முன்னுக்கு வர வேண்டுமாம். கஸ்பரைக் கண்டித்து விட்டுவிட்டார். கஸ்பர் பத்து வயதுப் பிள்ளை போல கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு பிக்கப்பின் பின் சீற்றில் எல்லாரும். எனக்கும் அருமைநாயகிக்கும் நடுவில் நாய். என் மடியில் பூனை, உடுப்புக் கூடைக்குள், மேலே சேலைத் துண்டால் கட்டி. இஞ்சின் தொடங்கியது. றஸ்ரியும் தொடங்கியது.

"இதுக்குத்தான் சொன்னன்," என்றாள் மகள். "இஞ்சை பக்கத்திலை எங்கையாவது நாய் விடுற இடம் இருக்கோ எண்டு அடுத்த பெற்றோல் ஷெட்டிலை கேளுங்கோ கஸ்பர்."

நான் பாலர் புத்தகத்தை எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஓடுகிற வாகனத்தில் எழுத்தெல்லாம் நீந்துகிறது. தலை சுற்றி, நாலாவது சொல்லில் நிறுத்திவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். நாயின் முதுகைத் தடவினேன்.

அருமைநாயகிக்கு வாகனப் பயணம் என்றால் பிரட்டும். முகம் வெளிறி, கண்ணை மூடி, செபமாலையைத் தொடங்கினாள். நாய்க்காக இல்லை, தன் வயிற்றுக்காக. கோயிலில் சொல்வது போல இழுத்து இழுத்து ஒரே தாளத்தில். இரண்டாவது மங்களவார்த்தைச் செபம் முடியும்போது பிக்கப்புக்குள் ஏதோ குறைந்தது போல இருந்தது. என்னவென்று பார்த்தேன். நாய் வாயை மூடியிருந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். ஊளை. திரும்பத் தொடங்கினாள். அமைதி.

"வேதக்கார நாய் போல," என்றார் கஸ்பர்.

"கதையாமல் வாகனத்தை ஓட்டும். ஓட்டிக்கொண்டு மறுமொழி சொல்லும்," என்றேன் நான்.

எல்லாரும் மறுமொழி சொன்னோம். இம்மாகுலேற்றும் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தது, பெற்றோல் ஷெட்டும் தாண்டிப் போனது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அருமைநாயகி திரும்ப முதலில் இருந்து தொடங்கினாள். ஃபேக்கன்ஹாம் வரும்போது நாயின் தலை அவள் மடியில். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"பாரமாக் கிடக்கு," என்றாள்.

தள்ளிவிடவில்லை.

ஆடி 11 – ஞாயிறு

திருநாள். பூசை, சுற்றுப்பிரகாரம், தூறல். எங்கள் சக்கர வீட்டைப் பார்க்க ஆட்கள் வரிசையில் வந்தார்கள். கஸ்பர் ஐந்தாம் சக்கரம் எது என்று எல்லாரையும் கேட்டுச் சிரித்தார்.

அருமைநாயகியின் ஒன்றுவிட்ட தம்பி சூசைதாசனும் வந்தார். படிக்குக் கீழே படுத்திருந்த றஸ்ரியைக் கண்டு மூக்கைச் சுளித்தார்.

"என்ன அக்கா, திருநாளுக்கு நாயோடையோ வந்தனீங்கள்?"

"அது வரேக்கை ரெண்டு செபமாலை கேட்டிட்டு வந்தது தம்பி. நீ எத்தினை சொன்னனீ?"

அவர் பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

ஆடி 12 – திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கஸ்பர் எங்களை செவன் கிங்ஸில் இறக்கிவிட்டு ரெயிலரைப் பார்க்கிங்குக்குக் கொண்டுபோகத் திரும்பினார். றஸ்ரி அதற்குள் ஓடி ஏறும் என்று கதவைத் திறந்து பிடித்தேன். அது என்னைப் பார்க்கவேயில்லை. அருமைநாயகியின் பின்னால் வீட்டுக்குள் போய்விட்டது.

"கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பூனை பிரிட்ஜுக்கு மேல் ஏறி, இன்னும் இறங்கவில்லை.

ஆடி 28 – புதன்

நாய் குசினிக் கதவடியில் சாக்கில் படுக்கிறது. சாக்குப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. எசெக்ஸ் பெண் ஆவணி ஏழாம் திகதி வருகிறார் என்று இம்மாகுலேற் சாப்பிடும்போது சொன்னாள். அருமைநாயகி சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

நாய் நிற்கட்டுமே என்று அவளிடம் கேட்கலாமோ? கேட்டால், முதல் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காகவே, மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். நாற்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரிந்த மனிசி. கேட்காமல் விட்டால் நாய் போய்விடும். என்ன செய்ய?

ஆவணி 6 – வெள்ளி

நாளைக்கு. ஒன்றும் எழுத வரவில்லை.

ஆவணி 7 – சனி

இன்று தமிழ் வகுப்புக்குப் போகவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மா, நாயை அந்த மனிசியிட்டைக் குடுத்துவிடுங்கோ, கயிறு வாசலிலை கிடக்கு என்று சொல்லிவிட்டுத்தான் மகள் போனாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அருமைநாயகி என்னைப் பார்த்து, "நாயைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போட்டு வாங்கோ," என்றாள்.

"இப்பவோ? அவ வாற நேரமெல்லோ."

"இப்பதான் போகச் சொல்றன். மெல்ல நடவுங்கோ."

கடைசி நடை என்று என்னை விடுகிறாள் என்று நினைத்தேன். மனம் நொந்துபோய்விட்டது. செவன் கிங்ஸ் பார்க்கில் குளத்தடி வாங்கில் இருந்து நாயோடு கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று எழுதமாட்டேன். இருட்டுக் கட்டி மழை வரப் பார்த்ததும் திரும்பினேன்.

வாசலில் கார் இல்லை. கயிறும் இல்லை. அருமைநாயகி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ வரேல்லையோ?"

"வந்தவ."

"பிறகு?"

"டோக் நோ எண்டு சொன்னன். வெயார், வெயார் எண்டு கேட்டா. டோக் சேர்ச் எண்டு சொன்னன்."

"சேர்ச்சோ?"

"வேறை என்ன இடம் எனக்கு இங்கிலீஷிலை தெரியும்?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணால் தண்ணீர் வருகிறது.

"சிரியாதேங்கோ. பொய் சொல்லிப்போட்டன், பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேணும்," என்றாள். இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "அடுத்த கிழமை திரும்ப வந்தாலும் இதைத்தான் சொல்லுவன்," என்றாள்.

பின்னேரம் இம்மாகுலேற் வந்து கேட்டுத் துள்ளினாள். "நீங்கள்தானே அம்மா ஒண்டில் அது இல்லாட்டி நான் எண்டனீங்கள்." அருமைநாயகி வெங்காயத்தை வதக்கினாள். கஸ்பர் வாசலில் நின்றபடியே, "அப்ப மாமியை அனுப்பிறதோ?" என்றார். அதில் மகளும் சிரித்துவிட்டாள். எசெக்ஸுக்கு ரெலிபோன் எடுத்து நெடுநேரம் மன்னிப்புக் கேட்டாள்.

ஆவணி 21 – சனி

நாயின் கழுத்துப் பட்டியில் சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டமாம். இல்போர்டில் பூட்டுத் திறப்பு வெட்டும் கடையில் தகட்டில் கொத்திக் கொடுக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டும். றோஸ்மலர் ரீச்சர் காட்டித் தந்தார், நானே பார்த்து எழுதினேன். முதலில் என் பெயரைத்தான் எழுதினேன், சவிரிமுத்து என்று.

அருமைநாயகி பக்கத்தில் வந்து நின்றாள். "உதிலை ஆற்றை பேர்?"

"என்ரை."

"ஏன் உங்கடை? துலைஞ்சுபோனா உங்களையோ வந்து கேப்பினம்? உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது."

"உமக்குத் தெரியுமோ?"

"ஒருத்தியைத் திருப்பி அனுப்பினனான்தானே."

கிழித்துவிட்டு அவளுடைய பெயரை எழுதினேன். நீளமான பெயர். கடைக்காரர் சின்னத் தகட்டில் இடம் காணாது என்று பெரிய தகடு எடுத்தார். நாய் நடந்தால் கிலுங்குகிறது.

புரட்டாதி 10 – வெள்ளி. வேல்ஸ்

ரெயிலரை இழுத்துக்கொண்டு வந்து கடலைக் கண்டோம். யாரும் பொலிஸிடம் பிடிபடவில்லை. பிக்கப்பின் பின் சீற்றில் அருமைநாயகி யன்னல் கரை, றஸ்ரி நடுவில், பூனை அவள் மடியில் கூடைக்குள். மிச்ச இடம் எனக்கு. கொஞ்சம் ஒடுக்கம்தான். வழி முழுக்க மறுமொழி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.