பத்து நாள் தள்ளிப்போன ஊசி

என் நைனாவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. நேற்று சித்தூரில் பஸ் ஏறி, திருப்பதிக்குத் தனியாகப் போய் வந்தேன். உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

உனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஹார்மோன் ஊசி, போன மாங்காய் சீசனில் பத்து நாள் தள்ளிப்போனது. உன்னைக் கூட்டிப்போக மாங்கூழ் ஃபேக்டரியில் எனக்கு லீவு கொடுக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். நான் கேட்கவே இல்லை, நைனா. கேட்டால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று பயம். "பரவால்லம்மா, பத்து நாள்ல இன்னா ஆயிடப்போவுது" என்றாய் நீ. அடுத்து ரத்தம் பார்த்தபோது புற்றுக்கட்டி மறுபடி வளர்கிறது என்றார்கள்.

ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி என்பதால், ப்ராஸ்டேட் என்ற வார்த்தையை நீ என் எதிரில் சொன்னதே இல்லை. டாக்டரம்மா சிறுநீரைப் பற்றிக் கேட்டால், சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாய். "பொம்பளப் புள்ள, உனக்கு எதுக்கு இதெல்லாம். அண்ணன வரச்சொல்லு" என்பாய். திருப்பதிக்குப் பக்கத்திலேயே ரேணிகுண்டாவில் இருந்துகொண்டு அண்ணன் வரவே இல்லை.

அந்தப் பத்து நாளால்தான் கட்டி வளர்ந்ததா என்று கேட்டேன். டாக்டரம்மா உன் ஃபைலைப் புரட்டினார். உடம்பில் எல்லா செல்லிலும் ஒரே ஜீன்கள்தானாம். எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசமாம். வளர்ச்சியைக் கட்டுப்படுத்த வேண்டிய ஒரு ஜீன், உன்னிடமிருந்து முதன்முதலில் சோதனைக்கு எடுத்த சதையிலேயே அடங்கிப்போயிருந்தது. ஊசியால் ஆண் ஹார்மோன் குறைந்த பிறகு, அந்த ஹார்மோனைப் பிடிக்கும் புரதத்தைச் செய்யும் ஜீன் முன்பைவிட அதிகமாக வேலை செய்யத் தொடங்கியது. மிச்சமிருந்த துளியையும் விடாமல் பிடித்துக்கொண்டு கட்டி வளர்ந்திருக்கிறது.

"பத்து நாளால இது வரல. மீ தப்பு காதம்மா" என்றார். உங்கள் தப்பில்லையம்மா என்று.

தலையாட்டினேன். பஸ் ஸ்டாண்டில் இட்லி தின்றேன், ருசி தெரியவில்லை. நோயைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. உன்னிடம் பொய் சொன்னதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

கிளம்பும்போது டாக்டரம்மா, "உங்க அண்ணனையும் கூட்டிக்கினு வாங்க. அப்பாவுக்கு இருந்தா ஆம்பளப் பிள்ளைங்களும் டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். எரிந்து விழுவான் என்று நினைத்தேன்.

"எனக்கும் ஆறு மாசமா ஒன்னுக்கு சரியா போவலம்மா" என்றான். "நைனாவ அப்டி பாத்தா பயமா இருந்துது. அதான் வரல."

அவனைத் திட்ட வேண்டும் என்று எத்தனை நாள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன்! "திங்கக்கெழம காலைல ரெடியா இரு" என்று மட்டும் சொன்னேன்.

அவன் வயதில் அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்? எது வந்தாலும் அவனிடம் உள்ளதை உள்ளபடி சொல்வேன், நைனா. ஒரு நாளும் மறைக்க மாட்டேன். நீ போனதற்கு எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தால் அதையும் உனக்கு எழுதுகிறேன்.

உன் பொண்ணு,
செல்வி