மதுவிலக்கு மானியத்தில் வந்த துரை

3-2-1930, திங்கள்
இராயபுரம் கடலோரப் பள்ளியில் இன்று பிற்பகல் மதுவிலக்குப் பாடம். சர்க்கார் மானியத்தில் எங்கள் கமிட்டி வாங்கிய, கண்ணாடிப் படங்களைத் திரையில் காட்டும் மாஜிக் லாந்தரை நானே முன்னின்று ஏற்பாடு செய்தேன். ஜன்னல்களைப் பாய்த்துணியால் மூடினோம். படங்கள் யாவும் சீமையிலிருந்து வந்தவை: தொப்பியணிந்த துரை, மெத்தை நாற்காலி, விஸ்கிப் புட்டி, முடிவில் துரை கீழே விழுகிறார். பிள்ளைகள் கைதட்டினர். பாடம் பதிந்தது.

4-2-1930, செவ்வாய்
பதிந்ததாம்! உபாத்தியாயினி வியாகுலம்மாள் அழைத்துப்போய் முற்றத்தைக் காட்டினார். மூன்றாம் வகுப்பு மலர்க்கொடி காகிதத் தொப்பியுடன் தள்ளாடிக்கொண்டிருந்தாள். என்ன விளையாட்டு என்றேன்.

"தொர ஆட்டம், தாத்தா. எங்க நைனா குடிக்கிறது வெறும் கள்ளு. இது ஷோக்கா கீது."

வெட்கக்கேடு. கள்ளுக்கடையை ஏலம் விட்டுப் பணம் சேர்க்கிறது சர்க்கார். அதில் கிள்ளிக் கொடுத்த மானியத்தில் நடந்த பாடத்தில் கள்ளுக்கடையே இல்லை!

8-2-1930, சனி
வியாகுலம்மாள் சொல்லி, கடைப்பக்கம் போனேன். துறைமுகக் கூலிகளுக்கு வாரக் கூலி கொடுக்கும் இடமே கள்ளுக்கடை வாசல்தான். சின்னப்பையன் மேஸ்திரி அங்கே பலகைமேல் அமர்ந்து, குடித்துவிட்டு வருகிறவனை முதலில் கூப்பிடுகிறான். பெண்கள் எதிர்ச்சுவரோரம் நிற்கிறார்கள். மலர்க்கொடியின் தாய் பூவம்மாவைக் கேட்டேன்.

"குடிக்காதவனுக்கு அடுத்த வாரம் வேலை கெடையாது, சாமி. இன்னா பண்ணச் சொல்றே?"

நாங்கள் யாருக்கு, எதைக் கற்பிக்கிறோம்?

12-2-1930, புதன்
கடைப் பலகை எழுதும் வரதனிடம் சுத்தமான கண்ணாடித் துண்டுகள் கொடுத்தேன். கடை, மேஸ்திரி, காத்து நிற்கும் பெண்கள் — கண்டதை அப்படியே வரையச் சொன்னேன்.

19-2-1930, புதன்
வரதன் வரைந்த படங்களைப் பள்ளியில் காட்டினோம். "தோ, நம்ம மேஸ்திரி!" என்றது ஒரு குரல். இம்முறை கைதட்டல் இல்லை. மலர்க்கொடி திரையைக் காட்டி, "அந்தச் செவுத்தாண்ட எங்கம்மா," என்றாள்.

21-2-1930, வெள்ளி
கமிட்டிக் கூட்டம். தலைவர் துறைமுகச் சரக்குக் காண்டிராக்டர். சின்னப்பையன் அவருடைய மேஸ்திரி. இது எனக்கு இன்றுதான் உறைத்தது.

"மானியம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்க, ஐயா. ஆட்களைத் தூண்டிவிட அல்ல," என்றார்.

"கூலியைக் கள்ளுக்கடையில் கொடுப்பது எந்த ஒழுக்கம்?" என்றேன். லாந்தரைத் திரும்பப் பெறத் தீர்மானம். அதிலும் தேதியை இருபது என்று எழுதியிருந்தார்கள். அதையாவது திருத்துங்கள் என்றேன், சிரித்தார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். தேதி சரியாகப் போட்டு.

22-2-1930, சனி
இன்னும் கோபம்தான்.

1-3-1930, சனி
லாந்தர் இப்போது தண்டையார்பேட்டைப் பள்ளியில். அங்கே துரை மறுபடி விழுகிறாராம்.

மாலையில் துறைமுக வாசலில் கூட்டம். பூவம்மாவும் மற்றப் பெண்களும் பிள்ளைகளோடு வழியை அடைத்து நின்றார்கள். கடைக்குப் போக முடியாத மேஸ்திரி அங்கேயே குந்திக் கூலி கொடுத்தான். வியாகுலம்மாள் எடுத்துவைத்துக் கொடுத்த, வரதன் வரைந்த மேஸ்திரி படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, மலர்க்கொடி அவனையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மீசை சரியா கீது, தாத்தா. எடந்தான் தப்பு."