சமர்ப்பணப் பக்கம்

வில்லரே, மொன்றியல்
9 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி றெபேக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். உன் புத்தகம் அச்சுக்குப் போகிறதென்று என் மனுசி மாக்கிரட்டுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஒல்லாந்தர் தங்கள் நாட்டில் முதன்முதலாய் வாக்குரிமை கொடுத்த காலத்தில் யாரைக் குடிமகன் என்று சேர்த்தார்கள், யாரைத் தள்ளினார்கள் என்று பத்து வருசம் தேடினாய். கெட்டிக்காரி.

ஆனால் நீ அனுப்பின முன்னுரையை வாசித்த நாள்முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. "என் அண்ணன் வலன்ரைன், உருத்திரமூர்த்தி என்ற பெயரில் கனடாவின் குடிமகன்" என்று எழுதியிருக்கிறாய். அது என்னை இங்கே அனுப்பின ஏஜென்சிக்காரன் தந்த கள்ளப் பாஸ்போட்டில் இருந்த பெயர். எயார்போட்டில் பயத்தில் அதையே சொல்லிப்போட்டேன். பேந்து மாற்றத் துணிவு வரவில்லை. முப்பத்திரண்டு வருசமானாலும் பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைப் பறிக்கலாமாம். தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனால், "உருத்திரமூர்த்தி அண்ணை, சைவத்தை விட்டு எப்ப வேதத்துக்கு வந்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். சிரித்துச் சமாளிக்கிறேன்.

போனில் கதைக்கப் பயம். அந்த வரியை எடுத்துவிடு.

அண்ணை

லெய்டன்
21 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணை,

பயப்படாதேங்கோ, எடுத்துவிட்டேன். கோபத்தோடுதான் எடுத்தேன். வாக்குரிமைக்குச் சத்தியம் செய்யப் பயந்து ஒதுங்கினவர்களைத்தான் இங்கே பழைய ஏடுகளில் தேடினேன். பயந்தவனுக்கு மக்களாட்சியில் என்ன இடம்? அந்தக் கேள்வியை எனக்குத் தந்ததே நீங்கள்தான். அதனால் சமர்ப்பணம் மட்டும் இருக்கட்டும்: "என் அண்ணன் வலன்ரைனுக்கு." அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் றெபேக்கா

மொன்றியல்
4 மார்ச் 2025

தங்கச்சி,

என் பெயரை அச்சில் பார்த்து அழுதுபோட்டேன். ஆனால் அதுவும் வேண்டாம்; நீ என் தங்கச்சியென்று தெரிந்தவர்கள் அதைப் பார்த்தால் என் பொய் பிடிபட்டுவிடும்.

நேற்று ஜான்-டலோன் சந்தையில் ரெண்டு அதிகாரிகள் வந்து நான் வேலை செய்கிற கடையின் முதலாளியோடு கதைத்தார்கள். தராசு பார்க்க வந்தவர்களாம். அவர்கள் போகுமட்டும் நான் தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். மாக்கிரட்டையும் பிள்ளைகளையும் விட்டு நான் எங்கே போவது?

ஒக்டோபரில் நீ இங்கே பேச வருகிறாய். வீட்டுக்கு வராதே. யாரும் கேட்டால் அண்ணன் இல்லையென்று சொல்லு. இனி அண்ணை என்று எழுதிக் கடிதமும் போடாதே. என்னை மன்னித்துக்கொள்.

வ.

லெய்டன்
19 மார்ச் 2025

மதிப்புக்குரிய திரு. உருத்திரமூர்த்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சமர்ப்பணப் பக்கத்தை வெறுமையாக விடும்படி பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன்.

ஒக்டோபர் 18, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மொன்றியலில் உரையாற்றுகிறேன். பொதுமக்கள் எவரும் வரலாம். வாசலில் பெயர் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
கலாநிதி றெபேக்கா