தப்பு செய்தவளின் ஜெபம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவருக்குள் ஸ்தோத்திரம் சொல்லி உங்கள் மூத்த மகள் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் சுகம்.

கிடங்கில் ஒரு சின்ன சம்பவம், பயப்பட வேண்டாம். சக்கர ஏணி நகராதபடி சக்கரத்தைப் பூட்ட மறந்துவிட்டேன். என்னோடு பெட்டி அடுக்கும் அண்ணன் அதில் ஏறி, விழுந்து கையை முறித்துக்கொண்டார். சூப்பர்வைசர் விசாரித்தபோது நான் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து முழங்காலில் நின்றாலும் ஜெபம் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

நேற்று அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். "எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்றார்.

"அண்ணே, ஏணியைப் பூட்டாம விட்டது நான்தான்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே, "சரி, இதை ஆண்டவர்கிட்டயும் சொல்லிட்டு ஜெபம் பண்ணு" என்றார்.

கட்டிலோரம் முழங்காலிட்டேன். "தகப்பனே, தப்பு பண்ணினவதான் வந்திருக்கேன். அண்ணன் கையைக் குணமாக்கும்." அதற்குமேல் அழுகைதான் வந்தது. ஆனாலும் என்னை யாரும் வெளியே தள்ளவில்லை, அப்பா. அண்ணன் மன்னித்தாரா, தெரியவில்லை.

நீங்கள் ஜெபிப்பதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். என் அறையில் யாருக்கும் தமிழ் தெரியாது, கூட ஜெபிக்க ஆளில்லை.

மணி அடித்துவிட்டது. உண்மையைச் சொல்ல சூப்பர்வைசர் அறைக்குப் போகிறேன். வேலை போனாலும் போகலாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்