முதல் வேண்டாம்

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தேதி இல்லை, நலம் விசாரிப்பு இல்லை, எடுத்த எடுப்பில் சண்டை. எனக்கு அப்படி எழுத வராது. கன்னியாஸ்திரிகள் பிரம்பை வைத்துக்கொண்டு பழக்கிய கை இது. ஆகவே, நான் நலம். முட்டிவலியும் நலமாகவே இருக்கிறது. நீ நலமா? உன் பேத்தி பொடிசு நலமா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பாமல் பதில் வேண்டும். நீ போனை எடுக்காததால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். மாடியில் குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்ல மாட்டேன். அவர்கள் இருக்கும்வரை என் வாசலை மிதிக்க மாட்டாய் என்று எழுதியிருக்கிறாய். உன் சின்ன அண்ணனும் போன் செய்து, வேற்று இனம், வேற்று பாஷை, அவர்களுக்காகச் சொந்தத்தைப் பகைத்துக்கொள்வதா என்று ஒரு மூச்சு பேசினார். வீட்டை உன் பெரிய அண்ணன் என் பெயரில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். அதில் யார் இருப்பது என்று நான்தான் சொல்வேன். சின்னவரிடமும் இதையேதான் சொன்னேன், இவ்வளவு மரியாதையாக அல்ல.

நீ பொடிசோடு இங்கே வந்து தங்கியிருந்தபோது அன்று நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மாடி வீட்டுக்காரி வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். என் கண்ணாடியின் ஆடிப்போன காலை முடுக்கி எடுத்துக்கொண்டு, மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே வந்தாள். நீ கொண்டுவந்த கடலை இனிப்பு டப்பா மேசைமேல் திறந்திருந்தது. எடுத்துக்கொள் என்றாய். வேண்டாம் என்றாள். குழந்தைக்காவது என்றாய். அவள் தலையை ஆட்டிவிட்டு என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னது சொன்னதுதான், இனி யாரும் வற்புறுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை. நீ அந்த நேரத்தில் ஒரு துண்டைக் குழந்தையின் வாயில் வைத்துவிட்டாய்.

உன்மேல் குற்றமில்லை. நம் வீட்டில் முதல் வேண்டாம் மரியாதை, இரண்டாவது வேண்டாம் வெட்கம், மூன்றாவதுதான் உண்மையான வேண்டாம். அவர்கள் பக்கத்தில் ஒரு தடவை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பதும் கிடையாது, சொல்வதும் கிடையாது. அதிலும் பிள்ளையின் உடம்புக் கோளாறைப் பெற்றவர்களைத் தவிர யாருக்கும் தெரிய விடமாட்டார்கள். நாளைக்கு அந்தப் பெண்ணை யாரும் குறை சொல்லக்கூடாதாம். மூன்று வருஷமாக என் தலைக்குமேல் குடியிருக்கிறாள். என்னிடமே சொன்னதில்லை.

குழந்தையின் வாயில் அவள் விரலை விட்டு இனிப்பைத் தோண்டி எடுத்ததை நீ உன் கைக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டாய். என் கை என்ன அழுக்கா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அடுத்து நடந்ததைப் பார்க்க நீ கூடத்தில் இல்லை. குழந்தையின் உதடு வீங்கியது. கன்னமும் கழுத்தும் சிவந்து தடித்தன. மூச்சு விசில் அடித்தது. அவள் பையிலிருந்து பேனா போன்ற ஊசியை எடுத்து, துணியின் மேலேயே தொடையில் குத்தினாள். அவள் புருஷன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், கூப்பிட்டாலும் நடுவழியில் இறங்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். குழந்தையை அன்றைக்கு அங்கேயே படுக்க வைத்தார்கள். நானும் தங்கிவிட்டேன். மறுநாள் குழந்தை தேறி, நாங்கள் வீடு திரும்பியபோது உன் அறை காலி. டப்பாவைக்கூட மூடாமல் போயிருந்தாய்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒவ்வாமை வந்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் படம். வெள்ளை வெளேரென்ற குழந்தை, அதன்மேல் சிவப்புத் திட்டுகள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மாடிக்காரி, திடீரென்று பொடிசைப் பற்றிக் கேட்டாள். அந்த டப்பாவிலிருந்து தின்றபிறகு பொடிசு நாக்கைப் பல்லால் சுரண்டியதையும், முதுகைக் கதவு நிலையில் தேய்த்ததையும், குரல் கரகரத்ததையும் அவள் கவனித்திருக்கிறாள். நானும் பார்த்தேன். சேஷ்டை என்று நினைத்தேன். நீ அடம் என்றாய்.

தெரிந்த அளவு தமிழில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எங்க பொண்ணுக்குச் செவந்துடும், யாரும் கண்டுபிடிச்சுடுவாங்க. உங்க பொண்ணு நிறத்துக்குச் செவப்பு தெரியாதும்மா. கையால தடவிப் பாக்கச் சொல்லுங்க.”

மகள் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறாள். இவள், தன் வீட்டு நோயையே வாய்விட்டுச் சொல்லாதவள், உன் பேத்திக்காகச் சொன்னாள். அவளைத்தான் வெளியே அனுப்பச் சொல்கிறாய்.

பொடிசுக்கு வாந்தி வந்தால் தண்ணீர் மாற்றம் என்கிறாய். உங்கள் டாக்டர் எட்ட இருந்து பார்த்துவிட்டு, எங்கே தடிப்பு, ஒன்றும் தெரியவில்லையே என்று சத்து டானிக் எழுதிக்கொடுத்தார் என்று போன தடவை நீயே சொன்னாய். படிப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த மனுஷர் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவில்லை. வேறு டாக்டரிடம் போ. ஒவ்வாமைக்குப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று சொல். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. அது தெரியும்வரை கடலை வாசனைகூட அவள் பக்கம் வரவேண்டாம். அயல்நாட்டில் வேலை செய்யும் உன் மகளிடமும் மறைக்காதே. பெற்றவளுக்குத் தெரிய வேண்டும்.

என் சமையலறையில் இப்போது கடலையும் இல்லை, முந்திரியும் இல்லை. பழைய கரண்டிகளைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உன் சின்ன அண்ணன் ஊரெல்லாம் சொல்கிறாராம். சொல்லட்டும். மாடிக்காரிக்கும் ஒரு உத்தரவு போட்டிருக்கிறேன்: இனி இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் காரணத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவளுக்குக் கூச்சமாக இருந்தால் நான் சொல்வேன். நேற்று பால்காரரிடமே சொல்லிவிட்டேன். பாவம், அவர் கேட்கவேயில்லை.

உன் அறையைக் கூட்டி, விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன். வா. மாடியில் அவர்களும் இருப்பார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டில் பயமில்லாமல் சாப்பிடலாம், இந்த ஊரிலேயே அப்படி ஒரு சமையலறை இது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட நினைத்தால் கிழித்துக்கொள். அதற்குமுன் பொடிசைக் கூப்பிட்டு, சட்டையைத் தூக்கி, முதுகை ஒரு தடவை தடவிப் பார். அடுத்த முறை எதையாவது நீட்டும்போது அவள் வேண்டாம் என்று சொன்னால், முதல் வேண்டாமிலேயே கையை எடுத்துவிடு. குழந்தை நன்றாக இருக்கட்டும். நீயும் நன்றாக இரு. என்மேல் கோபமாக இருக்க வேண்டுமானாலும் இரு, அவள் நன்றாக இருந்தால் போதும்.

என்றும் உன்,
அண்ணி