எட்டு எண்ணும் கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் அது முழுப் பொய். நீயாவது சுகமாக இரு. இதற்கு முன் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபத்தில் நீ அப்பாவை அப்படியே உரித்து வைத்தவள் என்று எனக்குத் தெரியாதா? இதையாவது கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

பேக்கரியும் வீடும் எரிந்த பிறகு, தச்சர் தன் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார். மழை பெய்தால் ஒழுகாத மூலை ஒன்றுதான். அங்கே மாவு மூட்டை இருக்கிறது, மிச்ச இடத்தில் நாங்கள் இருக்கிறோம். உன் அப்பாவால் சும்மா உட்கார முடியுமா? பழைய எண்ணெய் டிரம் ஒன்றை முற்றத்தில் படுக்கப் போட்டு, மேலே களிமண்ணைக் குழைத்து அப்பி, வாய்க்கு ஒரு தகர மூடி வைத்து அடுப்பாக்கிவிட்டார். உள்ளே விறகை எரித்து, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, அந்தச் சூட்டிலேயே ரொட்டியை வேகவிட வேண்டும். பேக்கரியில் செய்த அதே வேலை, கூரை மட்டும்தான் இல்லை. மரத்தூள் பறந்து மாவில் விழுகிறது என்று தச்சரிடமே தினம் ஒரு சண்டை. இருக்க இடம் கொடுத்த மனுஷரிடம் சண்டை! பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ரொட்டிதான் வரவில்லை. நாலு நாளும் கரி. டிரம் சரியில்லை என்றார், விறகு ஈரம் என்றார், களிமண்ணைக்கூடத் திட்டினார்.

ஐந்தாம் நாள் காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து மாவை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் தணலை வாரிவிட்டு, எப்போதும்போல டிரம்மின் வாய்க்குள் கையை நீட்டி எண்ணினார். உனக்குத் தெரிந்ததுதான். எட்டு எண்ணும்போது கை தாங்காமல் வெளியே வந்தால் சரியான சூடு; அதற்கு மேலும் தாங்கினால் இன்னும் விறகு வேண்டும். ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டே இருந்தது. மயிர் கருகுகிற நாற்றம் வந்தது. பதிமூன்று என்கிறார், பதினாலு என்கிறார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். தோல் வழன்று தொங்கியது. "ஏன் இழுக்கறே? இன்னும் சூடே ஏறலையே" என்றார்.

சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதாம். கையில் சூடு தெரியாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருமுனை வரை நடந்து போவாரே, நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

கையில் கட்டோடு வந்து உட்கார்ந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னிக்கு நான் எத்தனை வரைக்கும் எண்ணினேன்?"

என்றைக்கு என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. பதினைந்து என்றேன்.

ஆமாம். பேக்கரி எரிந்த அன்று அவர் பதினைந்து வரை எண்ணியது என் காதில் விழுந்தது. அடுப்பு அப்படிக் கொதிக்கிறதே, இது எப்படி என்று எனக்குத் தோன்றவும் செய்தது. அவருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் சொல்லித்தான் நீ இன்னும் விறகைத் திணித்தாய். தீ வெளியே பாய்ந்து கூரையைப் பிடித்தது. "நீங்கதானேப்பா போடச் சொன்னீங்க" என்று நீ அழுதாய். தெருவே கூடி நிற்க அவர், "முப்பது வருஷமா என் கை பொய் சொன்னதில்ல, பொய் சொல்றது நீதான்" என்றார். அப்போது நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். மறுநாள் ஒரு பையோடு நீ போய்விட்டாய். அவர் செய்தது தெரியாமல் செய்தது. நான் தெரிந்தே செய்தேன்.

இப்போது அவர் டிரம் பக்கமே போவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். டிரம்மைத் தச்சரிடம் கொடுத்துவிடச் சொன்னார், நான் கொடுக்கவில்லை. நேற்று நானே விறகைப் பற்றவைத்து, என் கையை நீட்டினேன். மூன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டேன். சூடு அதிகமா, என் பயம் அதிகமா, தெரியவில்லை. ரொட்டி அடியில் கரி, நடுவில் பச்சை மாவு. மேலே ஒரு கீறல் விழுந்தாலே தூக்கி எறிகிற மனுஷர், அதை ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு "நல்லா இருக்கு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அவர் உன்னை வரச் சொல்ல மாட்டார். சொல்ல வாய் இல்லை என்று நினைக்கிறார். எனக்கும்தான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நீ எங்களை மன்னிக்க வேண்டாம், அறைக்குள்கூட வர வேண்டாம். முற்றத்தில் நின்று ஒரே ஒரு தடவை டிரம்முக்குள் கையை நீட்டி, அவர் காதில் விழுகிற மாதிரி எண்ணிவிட்டுப் போ.

வர மனசு இல்லையென்றாலும் எங்கிருந்தாலும் நன்றாக இரு. சுட்டால் உடனே சுடுகிறது என்று சொல்கிற அந்தக் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

அன்று வாய் திறக்காத,
உன் அம்மா